எதிரே நின்றவர் யார்?

புகழ்வது எளிது, எதற்காகப் புகழ்கிறோம் என்று சொல்வதே அரிது. இலக்கியத் துறையிலே நாம் வற்புறுத்திவரும் இக் கருத்து விளையாட்டுத் துறைக்கும் பொருந்தும். ஒரு சிறுகதையைச் சிகரம் என்று ஒருவர் கொண்டாடினால், எந்த அளவுகோலைக் கொண்டு அவ்வாறு சொல்கிறீர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், ஒரு குத்துச்சண்டை வீரரை உலக வீரர் என்று பல்லாயிரம் பேர் ஆர்ப்பரிக்கும்போது அதே கேள்வியைக் கேட்டால், அது பொறாமை என்றும் நாட்டுப்பற்று இன்மை என்றும் ஏசப்படுகிறது. இந்த முரண்பாட்டையே இக் கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

இலக்கிய ஏட்டிலே குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். மக்கள் எதைக் கண்டு மகிழ்கிறார்கள், யாரைத் தம் நாயகராக வரித்துக்கொள்கிறார்கள் என்பது பண்பாட்டுப் பிரச்சினை. சினிமாக் கதாநாயகர் வழிபாட்டைக் கண்டிக்கத் துணிந்த நாம் குத்துச்சண்டை மேடையை மட்டும் விலக்கி வைப்பதற்கு நியாயம் இல்லை. மேலும், இது எங்கோ தொலைவில் நடக்கும் கூத்து அன்று. வேலணைத் தீவிலே, சரவணை போன்ற ஒரு சிற்றூரிலே, பள்ளி மாணவன் ஒருவனின் கைப்பேசியில் லாஸ் வேகாசில் விழுந்த குத்து அடுத்த நிமிடமே வந்து சேர்கிறது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள உறவினர் அதே காட்சியை அனுப்பி, பார்த்தாயா என்று கேட்கிறார்கள். வகுப்பறையிலே படித்த பெயர்கள் மறந்தாலும் இப் பெயர்கள் மறப்பதில்லை. ஆகவே, இக் கேள்வி ஆசிரியருக்கும் மாணவருக்கும் நேரடியாக உரியது.

கேள்வியை இன்று எழுப்பியவர் நிசாந்த் தேவ். அரியானாவின் கர்னால் நகரைச் சேர்ந்த இந்த இளைஞர் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலே கால் இறுதி வரை சென்றவர். 2025 ஜனவரி 25ஆம் திகதி லாஸ் வேகாசிலே தமது முதலாவது தொழில்முறைப் போட்டியில் இறங்கி, அல்ரன் விக்கின்ஸ் என்பவரை முதற் சுற்றிலேயே வென்றார். இந்தியாவின் முதலாவது தொழில்முறை உலகச் சாம்பியன் ஆவதே தம் நோக்கம் என்றும் அறிவித்தார். அந்த ஒரே சுற்றின் வலிமையிலே, அவர் ஏற்கெனவே சாம்பியன் ஆகிவிட்டது போன்ற ஆரவாரம் எழுந்தது. இந்த ஆரவாரத்துக்கு அவர் உரியவரா? விடை காண்பதற்கு முன், இதே ஆரவாரத்தின் நடுவே பத்து ஆண்டுகளுக்கு முன்பு மேடையேறிய இன்னொருவரின் கணக்கைப் பார்த்துவிடுவது பயன் தரும். அவர் விஜேந்தர் சிங்.

கணக்குப் பார்ப்பதற்கு அளவுகோல் வேண்டும். அதைத் தேடி நாம் வெகு தூரம் போகவேண்டியதில்லை. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூரிலே ஒரு மல்லனை மற்போரில் வீழ்த்திய செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகிறது. அந்த வெற்றியைப் பாடிய சாத்தந்தையார் தோற்ற மல்லனின் வலிமையையும் மறைக்காமல் சொல்கிறார். எதிராளி வலியவன் ஆதலாலேயே வெற்றி பாடத் தக்கது ஆயிற்று. அதே சோழனைப் பாடிய நக்கண்ணையாரின் பாட்டொன்றிலே, வெற்றி அவனுடையதே என்று ஒரு சாராரும், இல்லை என்று இன்னொரு சாராரும் வாதிடுகின்றனர். இரசிகர் பூசல் நேற்று முளைத்தது அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்கிறார். செய்யும் வினை, செய்பவன், மாற்றான், துணைநிற்போர் ஆகிய நான்கின் வலிமையும் அறியப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய இரசிகர் இவற்றுள் ஒன்றை மட்டுமே பார்க்கிறார். ஏட்டுப் படிப்பு இல்லாத நம் கிராமத்துக் கிழவரோ இதை நன்கு அறிவார். மாட்டுவண்டிச் சவாரியிலே ஒரு சோடி வென்றது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். "எந்தச் சோடியோடை ஓடினது?" என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

அந்தக் கிழவரின் கேள்வியையே நாம் விஜேந்தரிடம் கேட்போம்.

விஜேந்தர் 1985இல் அரியானாவின் பிவானி மாவட்டத்திலே காளுவாஸ் என்னும் கிராமத்தில் பிறந்தவர். தந்தையார் அரசுப் பேருந்து ஓட்டியவர். பிவானியிலே பயிற்றுநர் ஜக்தீஷ் சிங்கிடம் பழகிய இந்தத் தொழிலாளியின் மகன், 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே 75 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார். குத்துச்சண்டையிலே இந்தியாவுக்குக் கிடைத்த முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அது. மறு ஆண்டு மிலான் நகரில் நடந்த உலகப் போட்டியிலும் வெண்கலம் கிடைத்தது. அங்கே அரை இறுதியில் அவரை வீழ்த்தியவர் உஸ்பெகிஸ்தானின் அப்போஸ் அதொயெவ். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டியிலே அதே அதொயெவைத் தோற்கடித்து விஜேந்தர் தங்கம் வென்றார். எதிரே நின்றவர் யார் என்று இங்கே கேட்டால் நிமிர்ந்து விடை சொல்லலாம். உலகின் முதல்தர வீரர் நின்றார். முன்பு தம்மை வென்றவரே நின்றார். சலுகை எதுவும் இல்லை. இக் காலத்து விஜேந்தருக்குக் கிடைத்த புகழ் முழுவதும் அவர் உழைத்துப் பெற்றதே. அதை எவரும் குறைக்க இயலாது.

2015 நடுப்பகுதியிலே அவர் இங்கிலாந்தின் பிராங்க் வாரன் என்னும் போட்டி அமைப்பாளருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தொழில்முறைக்கு மாறினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. ஒக்டோபரிலே மன்செஸ்ரர் நகரில் சொனி வைற்றிங் என்பவரை மூன்றாம் சுற்றில் வென்றார். அதைத் தொடர்ந்து 2016 மே மாதத்துக்குள் மேலும் ஐந்து வெற்றிகள் வந்தன. ஆறு வெற்றிகளும் முழுச் சுற்றுகள் முடிவதற்கு முன்பே பெற்றவை. இந்தியப் பத்திரிகைகள் இந்த ஆறையும் ஆறு போர்களாக வருணித்தன. எதிராளிகளுள் ஒருவர் பாம்பு இரத்தம் குடித்துவிட்டு வருகிறார் என்ற கதைகூடப் பெரிய எழுத்திலே வெளிவந்தது. அவர் இதற்கு முன்பு யாரை வென்றார் என்ற செய்தி சிறிய எழுத்திலும் வரவில்லை. அந்த ஆறு பேருள் உலகத் தரவரிசையிலே எண்ணப்பட்டவர் எவரும் இல்லர்.

2016 யூலை 16ஆம் திகதி டெல்லியிலே கெரி ஹோப் என்னும் வேல்ஸ் நாட்டு வீரரைப் பத்துச் சுற்றுகளிலே புள்ளிக் கணக்கில் வென்று விஜேந்தர் ஒரு பட்டம் பெற்றார். அவருடைய தொழில்முறைப் போட்டிகளிலே மதிப்புக்குரிய வெற்றி இது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஹோப் 2012இல் ஐரோப்பியப் பட்டத்தைச் சிறிது காலம் வைத்திருந்தவர். ஆயினும், விஜேந்தருக்குக் கிடைத்த பட்டம் எது? டபிள்யூ.பி.ஓ. என்னும் அமைப்பின் ஆசிய பசிபிக் பட்டம். தொழில்முறைக் குத்துச்சண்டையிலே உலகப் பட்டம் வழங்கும் அமைப்பு ஒன்று அன்று. பெயர் பெற்றவையே நான்கு உள்ளன. எடைப் பிரிவுகளோ பதினேழுக்குக் குறையா. இவற்றின் கீழே வட்டாரப் பட்டங்கள், கண்டப் பட்டங்கள், இடைக்காலப் பட்டங்கள் என்று அடுக்கடுக்காக உள்ளன. ஒவ்வொரு பட்டப் போட்டிக்கும் அமைப்புக்கு உரிய கட்டணம் செலுத்தப்படுகிறது. பட்டம் பெருகப் பெருக அமைப்பின் வருவாயும் பெருகுகிறது. சந்தையின் இந்த எளிய கணக்கை மறைத்துவிட்டு, வட்டாரப் பட்டம் ஒன்றை உலக மகுடம் போலக் காட்டுவதே விளம்பரத்தின் வேலை. 2024இலும் இதுவே நடந்தது. மந்தீப் ஜங்ரா என்னும் இந்திய வீரர் டபிள்யூ.பி.எப். என்னும் அமைப்பின் பட்டத்தை வென்றபோது உலகச் சாம்பியன் என்றே செய்தி பரவியது. அந்த அமைப்பு மேற்சொன்ன நான்கிலே ஒன்று அன்று என்பதைச் சொன்னவர் சிலரே.

எதிராளிகளின் கணக்கை மேலும் தொடர்வோம். 2016 டிசெம்பரில் டெல்லியில் தன்சானியாவின் பிரான்சிஸ் செக்கா மூன்றாம் சுற்றில் வீழ்ந்தார். 2017 டிசெம்பரில் ஜெய்ப்பூரில் கானாவின் ஏர்னஸ்ற் அமுசு தோற்றார். 2019 நவெம்பரில் துபாயில் கானாவின் சார்ள்ஸ் அடமு தோற்றார். இந்த அடமு ஒரு காலத்திலே பொதுநலவாயப் பட்டம் வைத்திருந்தவர். ஆகவே, முன்னாள் சாம்பியனை வென்றார் என்று எழுதியதிலே பொய் இல்லை. ஆனால், அப் பட்டத்தை அடமுவிடமிருந்து இங்கிலாந்தின் கார்ல் புரொச் பறித்தது 2004இலே. பதினைந்து ஆண்டுகளின் பின், நாற்பது வயதைக் கடந்துவிட்ட அடமு விஜேந்தரின் எதிரே நின்றார். முன்னாள் என்ற ஒரு சொல்லுக்குள்ளே பதினைந்து ஆண்டுகளை ஒளித்துவைக்க முடியும் என்பது விளம்பரக் கலை நமக்குத் தரும் பாடம்.

இந்த ஆரவாரத்துக்கு இன்னொரு எண்ணெயும் ஊற்றப்பட்டது. 2017 ஓகஸ்ட் 5ஆம் திகதி மும்பையிலே விஜேந்தர் சீனாவின் சுல்பிகார் மைமைத்தியலியுடன் மோதினார். டொக்லாம் எல்லையிலே இரு நாட்டுப் படைகளும் நேருக்கு நேர் நின்ற காலம் அது. சீனச் சரக்கு நெடுநேரம் தாங்காது என்ற பாணியிலான கேலி போட்டிக்கு முன்னர் வீரரின் வாயிலிருந்தே வந்தது. சரக்கோ பத்துச் சுற்றுகளும் தாங்கியது; விஜேந்தர் மிகச் சிறு புள்ளி வேறுபாட்டிலேயே வென்றார். ஆனால், அதன் பின் நடந்ததைப் பதிவு செய்வது நம் கடமை. எல்லையிலே அமைதி நிலவவேண்டும், அதற்காக இந்தப் பட்டத்தை எதிராளிக்கே திருப்பித் தந்துவிடுகிறேன் என்ற கருத்துப்பட விஜேந்தர் அரங்கிலேயே பேசினார். போட்டியை ஒரு சிறு யுத்தமாக்கி நுழைவுச்சீட்டு விற்றவர்களின் நடுவே நின்று, ஒரு பேருந்துச் சாரதியின் மகன் பேசிய மனிதத்தன்மை வாய்ந்த பேச்சு அது. பிற்காலப் போட்டிகளின் வெற்றிகள் பலவற்றையும்விட இந்தப் பேச்சையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். இரசிகர் கூட்டமோ குத்தைக் கொண்டாடியது, பேச்சை மறந்தது.

2021 மார்ச் 19ஆம் திகதி கோவாவிலே, சூதாட்டக் கப்பல் ஒன்றின் மேற்றளத்தில் அமைத்த மேடையில், ரஷ்யாவின் ஆர்ரிஷ் லொப்சன் ஐந்தாம் சுற்றிலே விஜேந்தரை வீழ்த்தினார். பன்னிரண்டு தொடர் வெற்றிகள் அத்துடன் நின்றன. லொப்சன் பெயர் பெற்றவர் அல்லர்; தொழில்முறையிலே சில போட்டிகளே ஆடியிருந்த உயரமான இளைஞர். பெருந்தொற்றுக் காலத்தினால் விஜேந்தர் ஓராண்டுக்கு மேல் மேடை ஏறவில்லை என்பதும், அவருக்கு முப்பத்தைந்து வயது ஆகிவிட்டது என்பதும் உண்மை. 2022 ஓகஸ்டிலே ராய்ப்பூரில் கானாவின் எலியாசு சுல்லியை இரண்டாம் சுற்றில் அவர் வென்றார். 2015 முதல் 2022 வரை மொத்தம் 14 போட்டிகள், 13 வெற்றிகள், 1 தோல்வி. ஆனால், நான்கு அமைப்புகளுள் ஒன்றின் உலகப் பட்டத்துக்காக அவர் ஒரு முறையேனும் மேடை ஏறவில்லை. கணக்கு இதுதான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை நாம் தட்டிக்கழிக்கப் போவதில்லை. எந்தத் தொழில்முறை வீரரும் தொடக்கத்திலே எளிய எதிராளிகளுடனேயே ஆடுகிறார், இது படிப்படியாகக் கற்கும் முறை, விஜேந்தரை மட்டும் குறைகூறுவது ஏன் என்பர். நியாயமான கேள்வியே. பாலர் வகுப்பு மாணவனிடம் பல்கலைக்கழக வினாத்தாளைக் கொடுக்க நாமும் சொல்லவில்லை. ஆனால், பாலர் வகுப்பிலே தேறியவனைப் பட்டதாரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவது வேறு விடயம். படி ஏறுவதற்காக வைத்த எதிராளிகள், ஏறிய பின்னும் மாறாமல் அப்படியே தொடர்ந்தார்கள் என்பதே விஜேந்தரின் வரலாறு காட்டும் குறை. இதிலே அவர் குற்றம் சிறிது. அவரை விற்றவர்களின் குற்றம் பெரிது. தோற்றால் விலை குறைந்துவிடும் என்று அஞ்சும் வியாபாரி, தன் சரக்கை உரசிப் பார்க்க எவரையும் விடமாட்டான்.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். வெற்றி பெறவேண்டிய வீரருக்கு எதிராளியாக நிற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரைச் சேர்ந்த பீற்றர் பக்லி என்பவர் 2008இல் ஓய்வுபெற்றபோது 300 தொழில்முறைப் போட்டிகளை ஆடி முடித்திருந்தார். அவற்றுள் 256 தோல்விகள், 32 வெற்றிகள், 12 சமநிலை. பின்னாளிலே உலகப் புகழ் பெற்ற பலர் இளமையில் இவருடன் ஆடியே தொழில் கற்றனர். இவர் திறமையற்றவர் அல்லர். தற்காப்புத் தெரியாத ஒருவரால் முந்நூறு முறை மேடை ஏறி நடந்து இறங்க முடியாது. தொழிற்சாலையிலே பெயர் இல்லாத தொழிலாளியின் உழைப்பு முதலாளியின் முத்திரையுடன் வெளிவருவது போல, இத்தகையோரின் உழைப்பு இன்னொருவரின் வெற்றிப் பட்டியலாக வெளிவருகிறது. தோல்வியற்றவர் என்ற விளம்பரத்தைக் காணும்போதெல்லாம் அந்தப் பட்டியலின் மறுபக்கத்திலே கூலிக்கு அடிவாங்கிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

தோல்வியின்மை உயர்வுக்கு அளவுகோல் ஆகாது என்பதை உலக வரலாறே காட்டுகிறது. அமெரிக்காவின் புளொயிட் மேவெதர் 50 போட்டிகளில் 50 வெற்றி பெற்றவர். திறமை மிக்கவர் என்பதில் ஐயம் இல்லை. ஆனால், அந்த ஐம்பதாவது வெற்றி 2017இலே, அதற்கு முன்பு ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டிகூட ஆடியிராத கொனர் மக்கிரெகருக்கு எதிராகப் பெற்றது. பணமோ கணக்கின்றிக் குவிந்தது. முகம்மது அலியின் பட்டியலிலே 5 தோல்விகள் உள்ளன. எனினும், அவர் காலத்திலே அஞ்சத்தக்க வீரர் என்று எவரைச் சொன்னார்களோ அவர்கள் எல்லோரையும் அவர் எதிர்கொண்டார். லிஸ்ரன், பிரேசியர், போர்மன் என்னும் பெயர்களே அவருடைய புகழுக்குச் சாட்சி. வியட்நாம் யுத்தத்திலே சேர மறுத்து, 1967இல் பட்டத்தையும் தொழிலையும் இழந்தபோது, அமெரிக்க அரசையே எதிரே நிறுத்தினார். அவருக்கு எழுந்த ஆரவாரம் விளம்பரத்தால் மட்டும் விளைந்தது அன்று. எதிரே நின்றவரின் பெருமையால் விளைந்தது.

அதே அலி 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடியதை வடசென்னையின் முதியோர் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர். துறைமுகத்தை அண்டி வாழ்ந்த உழைக்கும் மக்களிடையே குத்துச்சண்டை பரம்பரை பரம்பரையாக ஊறியிருந்த பகுதி அது. அந்த நினைவுகளிலிருந்தே பா. இரஞ்சித் 2021இல் 'சார்பட்டா பரம்பரை' என்னும் படத்தை எடுத்தார். அப் படத்தைப் பார்த்த மக்கள் கதாநாயகனுக்கு நிகராகக் கொண்டாடியது, அவனிடம் தோற்கும் டான்சிங் ரோஸ் என்ற பாத்திரத்தை. இது நமக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. எதிராளியின் கலையை ஒளிக்காமல் காட்டினால், அவனையும் நேசிக்கும் பண்பு தமிழ் இரசிகரிடம் இன்னும் உண்டு. சாத்தந்தையாரின் பார்வை முற்றாக மறைந்துவிடவில்லை. அந்தப் பண்பைத் தட்டி எழுப்புவதா, மழுங்கடிப்பதா என்பதே கலைஞர் முன்னும் பத்திரிகை முன்னும் உள்ள வினா.

நம் நாட்டின் அனுபவமும் எச்சரிக்கை தருகிறது. 1938இல் சிட்னியிலே பார்னி ஹென்ரிகஸ் பேரரசு விளையாட்டு விழாவில் குத்துச்சண்டைத் தங்கம் வென்றார். 72 ஆண்டுகளின் பின், 2010இல் டெல்லியிலே மஞ்சு வன்னியாராச்சி மீண்டும் அத் தங்கத்தைப் பெற்றபோது இலங்கை முழுவதும் மகிழ்ச்சி பொங்கியது. பின்னர் தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் கண்டறியப்பட்டு அப் பதக்கம் பறிக்கப்பட்டது. அது வேல்ஸ் நாட்டு வீரருக்குப் போயிற்று. இவர் தொழில்முறை வீரர் அல்லர். ஆயினும், ஆரவாரத்தின் இயல்பு இங்கேயும் ஒன்றே. தூக்கி வைத்த கைகள் எவ்வளவு விரைவாகத் தூக்கினவோ அவ்வளவு விரைவாக விலகின. வீரருக்குப் பயிற்சிக் காலத்திலே தக்க மருத்துவ வழிகாட்டலும் பாதுகாப்பும் இருந்தனவா என்று கேட்ட குரல்கள் மிகச் சில.

ஆரவாரம் இன்னொரு சந்தைக்கும் ஏற்றுமதி ஆகிறது. 2019இல் விஜேந்தர் காங்கிரஸ் வேட்பாளராகத் தெற்கு டெல்லியில் நின்று தோற்றார். 2020 டிசெம்பரில் விவசாயிகள் போராட்டக் களத்துக்கு வந்து, வேளாண் சட்டங்களை மீளப்பெறாவிட்டால் கேல் ரத்னா விருதைத் திருப்பித் தருவேன் என்று அறிவித்தார். அன்று உழவர் அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்றனர். 2024 ஏப்ரலிலே அச் சட்டங்களைக் கொண்டுவந்த கட்சியிலேயே அவர் சேர்ந்தார். கட்சி மாறுவது எவருக்கும் உள்ள உரிமை. ஆனால், கட்சிகள் அவரிடம் வாங்கியது அவருடைய கொள்கையை அன்று. இரசிகரின் கைதட்டலைத்தான் என்பதை உணரவேண்டும். நாம் இலவசமாகத் தரும் கைதட்டலை இன்னொருவர் விலைக்கு விற்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிய விலையை வீரரின் உடல் கொடுக்கிறது. தலையிலே தொடர்ந்து குத்து வாங்குவோரின் மூளை காலப்போக்கில் பழுதுபடுவதை அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மார்ற்லன்ட் 1928இலேயே எழுதினார். அலியின் நடுங்கிய கைகளை 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவிலே உலகமே கண்டது. ஆரவாரம் அதிகமானால் போட்டிகள் அதிகம். ஓய்வுபெறவேண்டிய வயதிலும் இன்னொரு போட்டி, இன்னொரு சீட்டு விற்பனை. 1980 ஒக்டோபரிலே முப்பத்தெட்டு வயதில் லறி ஹோம்ஸ் முன் அலியை நிறுத்தியது அவருடைய எதிரிகள் அல்லர். அவரை நேசித்த கோடிக்கணக்கானோரின் ஆரவாரமும், அதிலிருந்து பணம் பண்ணியோரும்தான்.

சரவணையிலே இருந்து எழுதும் நமக்கு இதிலே சொந்த அக்கறை உண்டு. தீவக மக்கள் உடலால் உழைத்து வாழ்ந்தவர்கள். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த தோள், பனை ஏறிய மார்பு, கடலிலே வலை இழுத்த கை ஆகியவையே இவ்வூர்களை வாழவைத்தன. 1990களின் தொடக்கத்து இடம்பெயர்வு ஊர்களையே வெறுமையாக்கியது. மீண்டவர்கள் இடிந்த வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். இந்த உடல் உழைப்பை நம் சமூகம் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்ததேயன்றி, ஒருநாளும் கைதட்டிக் கொண்டாடவில்லை. பனை ஏறியவரின் கையைக் கண்டு முகம் சுழித்த அதே சமூகம், லாஸ் வேகாசில் உயரும் கைமுட்டியைக் கண்டு எழுந்து ஆடுகிறது. உடலின் ஆற்றலை மதிக்கக் கற்றுக்கொண்டோம் என்றால் மகிழ்ச்சி. விளம்பரப்படுத்திய உடலை மட்டும் மதிக்கக் கற்றுக்கொண்டோம் என்றால், அது பழைய நோயின் புதிய வடிவம்.

இனி நிசாந்த் தேவிடம் திரும்புவோம். 2023இல் தாஷ்கண்ட் நகரில் நடந்த உலகப் போட்டியிலே அவர் வெண்கலம் வென்றார். பாரிசிலே கால் இறுதியில் மெக்சிகோவின் மார்க்கோ வேர்டேயிடம் நடுவர் பெரும்பான்மையால் தோற்றார். அத் தீர்ப்பைப் பற்றிப் பலர் ஐயம் எழுப்பினர். விஜேந்தரும் அவர்களுள் ஒருவர். வேர்டே பின்னர் இறுதிப் போட்டி வரை சென்று வெள்ளி பெற்றார் என்பதே நிசாந்தின் தரத்துக்குப் போதிய சான்று. விஜேந்தர் முப்பதை நெருங்கித் தொழில்முறைக்கு வந்தார். இவர் இருபத்து நான்கு வயதிலே வந்திருக்கிறார். ஆகவே, இவர் மீது நம்பிக்கை வைப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால், நம்பிக்கை வேறு, மகுடம் வேறு. ஒரு சுற்றிலே முடிந்த முதற் போட்டி அவருடைய கையின் வேகத்தைக் காட்டியது. களைத்தபின் என்ன செய்வார், அடி வாங்கியபின் எப்படி எழுவார், தம்மைவிட அறிவுள்ள எதிராளி முன் எப்படிச் சிந்திப்பார் என்பவற்றை அது காட்டவில்லை. ஒரு சுற்றால் காட்டவும் முடியாது. அமெச்சூர் வீரராக அவர் பெற்ற புகழ் உரியது. தொழில்முறைச் சாம்பியன் என்று இரசிகர் முன்கூட்டியே தரும் புகழ் கடன். அதை வலிய எதிராளிகள் வழியாகவே அவர் தீர்க்கவேண்டும். தீர்ப்பதற்கு அவருடைய அமைப்பாளர்கள் வாய்ப்புத் தருவார்களா என்பதே முக்கிய வினா.

ஆகவே, இரசிகர்கள் மௌனமாக இருக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உரக்கக் கத்தட்டும், ஆனால், கேள்வியையும் சேர்த்துக் கத்தட்டும். எதிராளி யார்? அவர் யாரை வென்றவர்? அவருடைய வயது என்ன? பட்டத்தை வழங்கியது எந்த அமைப்பு? சீட்டுப் பணம் யாருக்குப் போகிறது? காயம்பட்ட வீரருக்கு மருத்துவம் பார்ப்பது யார்? இக் கேள்விகளைக் கேட்கும் இரசிகரைக் கண்டு வியாபாரி அஞ்சுவான். உண்மையான வீரர் அஞ்சமாட்டார். தகுதியான எதிராளியைத் தாருங்கள் என்று தம் அமைப்பாளரிடம் கேட்பதற்கு, அத்தகைய இரசிகரே அவருக்கு வலிமை தருவர். வள்ளுவர் சொன்ன துணைவலி என்பது இதுதான்.

ஆசிரியர்கள் இதைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டி ஒரு குத்தைக் காட்டும்போது, அதைப் பறித்து வைக்காதீர்கள். வென்றவரின் பெயரைக் கேட்டபின், விழுந்தவரின் பெயரையும் அவனிடம் கேளுங்கள்.